அளவறிந்து ஆடுதல்: நடுத்தரக் கால்பந்துக் கழகத்தின் வரவும் வாழ்வும்

தோற்றுவாய்

இலக்கியமும் இலக்கணமும் பேசும் தமிழ்த்துறை மலரில் கால்பந்தாட்டத்திற்கு இடம் ஏது என்று சிலர் வினவக்கூடும். நாமும் அவ்வாறு எண்ணியிருந்தவர்களே. ஆயினும் நம் வகுப்பில் பயிலும் கடற்கரை ஊர் மாணவர் ஒருவர் ஒருநாள் துறைக்கு வந்து, "ஐயா, வெளியூர்க் கழகம் ஒன்றில் ஆடக் கூப்பிடுகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். போகலாம் என்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை. போகவேண்டா என்று தடுக்கவும் காரணம் தெரியவில்லை. கழகம் என்பது எதனால் வாழ்கிறது, எதனால் வீழ்கிறது என்பதை அறிந்தாலன்றி அவருக்கு விடை கூற இயலாது என்பது புரிந்தது. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என வரிசையாக அமைந்த மீனவ ஊர்களில் கால்பந்து என்பது பொழுதுபோக்கன்று, ஊரின் பெருமை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தந்தையரின் பிள்ளைகள் கரையில் பந்தை உதைத்து வளர்கின்றனர். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தில் ஆடிப் புகழ்பெற்று, 2018-இல் ஜாம்ஷெட்பூர் கழகத்திற்கும் அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்திற்கும் சென்றார், 2019-இல் இந்திய அணியிலும் இடம்பெற்றார். நம் மாணவரின் கண்களில் இருந்த கனவு இந்த வழியைக் கண்டு பிறந்ததே. ஆனால் சூசைராஜுக்கு வாயிலாக அமைந்த சென்னை சிட்டி கழகத்தின் பெயரே இன்று ஐ-லீக்கில் இல்லை. ஆட்டக்காரர் உயர்ந்தார், அவரை உயர்த்திய கழகம் மறைந்தது. இது ஏன் நிகழ்ந்தது?

வரவின் மூவகை

பெருஞ்செல்வர்களின் கழகங்கள் ஒருபுறம். ஊர்ச் சந்தாவில் நடக்கும் சிறு கழகங்கள் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நடுத்தரக் கழகம். ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் அளவிற்கு அது பெரியது. ஓராண்டு இழப்பைத் தாங்கும் அளவிற்குச் செல்வம் இல்லாதது. இடர்ப்பாடு மிகுந்த நிலை இதுவே எனலாம். சிறு கழகத்திற்குப் பணம் இல்லையெனில் ஆட்டம் குறையும். நடுத்தரக் கழகத்திற்குப் பணம் இல்லையெனில் பல குடும்பங்களின் அடுப்பு அணையும்.

இத்தகைய கழகத்தின் வரவை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது உறுதி வரவு: உறுப்பினர் சந்தா, ஒப்பந்தம் செய்துகொண்ட விளம்பரதாரர் தரும் தொகை, ஒளிபரப்பு உரிமையில் கிடைக்கும் பங்கு ஆகியன. இரண்டாவது வாய்ப்பு வரவு: நுழைவுச்சீட்டு விற்பனை, பரிசுத்தொகை, ஆட்டக்காரரை வேறு கழகத்திற்கு மாற்றும்போது பெறும் தொகை ஆகியன. இவை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மூன்றாவது கொடை வரவு: உரிமையாளர் தம் கையிலிருந்து இடும் பணம். அது அவருடைய மனநிலையையும் தொழில் நிலையையும் பொறுத்தது.

செலவோ பெரும்பாலும் உறுதியானது. ஊதியம், பயணம், தங்குமிடம், மைதான வாடகை, மருத்துவம் ஆகியவற்றை வென்றாலும் தோற்றாலும் கொடுத்தே ஆகவேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கழகத்தின் உறுதி வரவு ஆண்டுக்கு 60 இலட்சம். ஊதியச் செலவு மட்டும் 90 இலட்சம். மீதி 30 இலட்சத்தைக் கோப்பை வென்று பெறும் பரிசால் நிரப்பலாம் என்று செயலாளர் எண்ணுகிறார். இது திட்டமன்று, சூதாட்டம். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினால் இருபது வீடுகளில் ஊதியம் நிற்கும்.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2022-இல் ஒரு விதி வகுத்தது. தன் போட்டிகளில் ஆடும் கழகங்கள் ஆட்டக்காரர், பயிற்றுநர் ஊதியம் முதலிய அணிச்செலவை, வருவாயின் 70 விழுக்காட்டிற்குள் படிப்படியாக அடக்கவேண்டும் என்பதே அவ்விதி. செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவிலேயே இவ்வரம்பு தேவைப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வருவாய் சிறிதாயிருப்பதைக் குறையாகக் கருதவில்லை. செலவு அதனினும் விரிவதையே கேடாகக் கருதினார். அரசனுக்குச் சொன்ன அந்நெறி கழகச் செயலாளருக்கும் பொருந்தும்.

கோப்பை காக்குமா?

வெற்றி பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்தியக் கால்பந்து வரலாறு இந்நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது.

1996-97-இல் தேசியக் கால்பந்து லீக் முதன்முறையாக நடந்தபோது பட்டம் வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலையின் அணி. 2011-இல் அவ்வணி கலைக்கப்பட்டது. 2005-06-இல் அதே பட்டத்தை வென்றது மும்பையின் மகிந்திரா யுனைடெட். 2010-இல் அதுவும் கலைக்கப்பட்டது. இரண்டும் நிறுவனம் நடத்திய அணிகள். நிறுவனம் கொடுத்தவரை ஆடின. நிறுவனம் கைவிட்டதும் மறைந்தன. பட்டங்கள் அலமாரியில் இருந்தன, அணிகளோ இல்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டினது. சென்னை சிட்டி கழகம் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஐ-லீக்கில் நேரடி இடம் பெற்றது. முதலில் சென்னையிலும் பின்னர்க் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கிலும் ஆடியது. தொடக்கப் பருவங்களில் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்ற அக்கழகம், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்றுநராக அமர்த்தியது. வெளிநாட்டார் சிலரோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களையும் இணைத்து அணி அமைந்தது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, 43 புள்ளிகளுடன் 2018-19 பருவத்தின் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42 புள்ளிகள். ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டிற்கு வந்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது.

உச்சி இதுவெனில் சரிவு எங்கே தொடங்கியது? உச்சியிலேயே தொடங்கியது எனலாம். 2019-20 முதல் நாட்டின் முதல்நிலைப் போட்டி என்னும் தகுதி இந்தியன் சூப்பர் லீக்கிற்குச் சென்றது. ஐ-லீக்கில் முதலிடம் பெற்ற கழகம் அந்த மேடைக்குள் நுழைய அப்போது வழி இருக்கவில்லை. பட்டம் வென்ற கழகம் வென்ற இடத்திலேயே ஒரு படி கீழே நின்றது. விளம்பரதாரரின் கண்ணும் ஒளிபரப்பாளரின் கண்ணும் மேல்மேடையை நோக்கின. வன்ஸ்பால் அங்கே ஆடும் சென்னையின் எஃப்.சி.க்குச் சென்றார். பட்டம் வென்ற பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி 2020-இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவிற்குச் சென்றார். 2020 ஜனவரியில் ஆசிய வாகையர் போட்டியின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியைச் சந்தித்தபோது, அந்த ஆட்டம் கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. வீடின்றி விருந்து வைத்தவர் நிலை அது. பின்னர்க் கொரோனா பெருந்தொற்று வந்தது. 2020-21 பருவம் முழுவதும் மேற்கு வங்கத்தில் பார்வையாளரின்றி நடந்தது. நுழைவுச்சீட்டு வரவு முற்றிலும் நின்றது. 2021-22 பருவத்தில் ஐ-லீக்கில் ஆடிய 13 கழகங்களுள் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை.

மூன்று வாகையர், மூன்று மறைவுகள். கோப்பை கழகத்தை உயர்த்தும்; காக்காது.

மக்கள் காத்த கழகம்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம். 1891-இல் தோன்றிய இக்கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. ஆங்கிலப் படையணிகளின் ஆதிக்கத்தில் இருந்த டூரண்ட் கோப்பையை 1940-இல் வென்று, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகம் என்னும் பெருமை பெற்றது. நம் பெரியோர்களுள் பலர் இளமையில் இக்கழகத்தின் பெயரைக் கேட்டு மெய்சிலிர்த்திருப்பார்கள்.

பின்னர் நெடுங்கால வீழ்ச்சி வந்தது. 1981-க்குப் பிறகு கல்கத்தா லீக் பட்டம் கைகூட 2021 வரை, நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தேசிய அளவில் கீழ்நிலைக்கு இறங்கிய காலமும் உண்டு. ஆயினும் ஜே.சி.டி.யைப் போல அது மறைந்துவிடவில்லை. காரணம், அக்கழகம் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஓர் இனமாக இருக்கவில்லை. உறுப்பினர்களின் உள்ளத்தில் உரிமையாக இருந்தது. நடுநிலைக்கும் கீழே சென்ற காலத்தில்கூட மைதானத்திற்கு வந்த மக்களே அதன் உயிர்.

அதனால் எல்லாம் நலமே என்று கூறிவிட இயலுமா? இயலாது. 2023-24-இல் ஐ-லீக் பட்டம் வென்று, முகமதன் ஸ்போர்ட்டிங் இந்தியன் சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. உயர்ந்த பருவத்திலேயே கடைசி இடம் பெற்றது. ஆட்டக்காரர்களின் ஊதியம் நிலுவையில் இருப்பதாக நாளேடுகளில் செய்திகள் வந்தன. மேல்மேடைக்கு ஏறும்போது செலவு ஒரே நாளில் ஏறிவிடுகிறது. வரவோ மெல்ல ஏறுகிறது. இடைப்பட்ட பள்ளத்தைத் தாண்டப் புதிய முதலீட்டாளர்களை நம்பவேண்டியிருந்தது. மக்கள் அன்பு கழகத்தை அழியாமல் காக்கும். மாதந்தோறும் ஊதியம் தராது. பற்று வேறு, பட்டியலிட்ட கணக்கு வேறு. இரண்டும் வேண்டும்.

மேல்மேடையும் பாறைமேல் அமைந்ததன்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிற்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையே 2010-இல் ஏற்பட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் 2025-இல் முடியும் நிலையை அடைந்தபோது, அப்பருவத்துப் போட்டி குறித்த காலத்தில் தொடங்கவில்லை. 2015-இலும் 2017-18-இலும் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் பணிகளை 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. ஒரே ஒப்பந்தத்தின்மேல் பல கழகங்கள் கூரை வேய்ந்திருந்தன. தூண் அசைந்ததும் எல்லாக் கூரைகளும் அசைந்தன.

விதைநெல் காத்தவர்கள்

மக்கள் பற்றும் கணக்கும் இணைந்த கழகம் எங்கேனும் உண்டா எனத் தேடினால், ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரம் கண்ணிற்படுகிறது. அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,30,000. நம் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,25,000. அளவில் ஒத்த ஊர்கள்.

அங்கே 1904-இல் தோன்றிய கழகத்திற்கு 1991-இல் ஃபோல்கர் ஃபிங்கே பயிற்றுநரானார். 2007 வரை, பதினாறு ஆண்டுகள் அவரே இருந்தார். அக்காலத்தில் கழகம் 1997, 2002, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதல்நிலைப் போட்டியிலிருந்து கீழிறங்கியது. வேறு இடமாயின் முதல் வீழ்ச்சியிலேயே பயிற்றுநரை அனுப்பியிருப்பார்கள். ஃபிரைபுர்க் அனுப்பவில்லை. அதனினும் வியப்பானது, முதல்நிலையில் ஈட்டிய பணத்தைப் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை வாங்குவதில் கரைக்காமல், 2001-இல் இளையோர் கால்பந்துப் பள்ளி ஒன்றை நிறுவியது. அங்கே சிறுவர்களைப் பயிற்றுவித்துவந்த கிறிஸ்டியான் ஷ்ட்ரைக், 2011 இறுதியில் முதல் அணியின் பயிற்றுநராகி 2024 வரை தொடர்ந்தார். 2015-இல் கழகம் மீண்டும் கீழிறங்கியது, அவரும் நீக்கப்படவில்லை, அடுத்த ஆண்டே கழகம் மேலேறியது. 2021-இல் புதிய விளையாட்டரங்கிற்குக் குடிபெயர்ந்தது. 2022-இல் ஜெர்மனியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றது.

இக்கழகத்தின் நெறி எளிது. வீழ்ச்சி வரும் என்று முன்னமே எண்ணிக் கணக்கிட்டது; வீழ்ந்தாலும் செலுத்தக்கூடிய ஊதியத்தையே ஒப்புக்கொண்டது; நல்ல காலத்து மிகுதியைச் சிறுவர்கள்மீதும் மைதானத்தின்மீதும் இட்டது. வளர்ந்த ஆட்டக்காரரைப் பெருங்கழகங்கள் கேட்டபோது விற்றது. அப்பணத்தால் அடுத்த தலைமுறையை வளர்த்தது.

இது நமக்குப் புதிய பாடமன்று. நாஞ்சில் நாட்டு உழவர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் கண்டவர்கள். ஒரு பூ பொய்த்தாலும் மறு பூவிற்கான விதைநெல் பத்தாயத்தில் இருக்கும். வீட்டில் பசி இருந்தாலும் அதில் கைவைப்பதில்லை. வக்ஃபு சொத்தின் நெறியும் இதுவே: முதலை அழிக்காமல் அதன் விளைவைச் செலவிடுதல். கழகத்திற்கு விதைநெல் எது? பயிற்சி பெறும் சிறுவர்களும், ஆடுவதற்கென உள்ள நிலமும், கடனில்லாத கணக்கும் ஆகிய மூன்றுமே. ஒரு கோப்பைக்காக இம்மூன்றையும் அடகு வைக்கும் கழகம் விதைநெல்லைப் பொங்கி உண்ட உழவனுக்கு ஒப்பாகும்.

இங்கிலாந்தின் பெரி கழகத்தின் கதையையும் ஒரு வரியில் கூறலாம். 1885-இல் தோன்றிய அக்கழகம் 2019-இல் மேல்நிலைக்கு உயர்வு பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், நிதிநிலை குறித்து உறுதி காட்ட இயலாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

நம் மாவட்டத்திற்கு உரியவை

நம் ஊர்க் கழகங்கள் இக்கதைகளிலிருந்து பெறத்தக்கவை சில உள.

முதலாவது பதிவு. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு மாற்றப்படும்போது, மாற்றுத்தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பது பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டொன்றுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டொன்றுக்கு 0.5 விழுக்காடு. ஆயின் அச்சிறுவன் அக்கழகத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே பங்கு கிடைக்கும். கடற்கரை மணலில் பத்தாண்டு பயிற்றுவித்துவிட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதாத கழகத்திற்கு ஒரு காசும் வராது. நம் மண்ணின் பிள்ளை நாளை எந்த நாட்டிற்குச் செல்வான் என்பதை யார் அறிவார்?

இரண்டாவது கணக்கு. சந்தாவும் நன்கொடையும் யாரிடமிருந்து எவ்வளவு வந்தன, எதற்குச் செலவாயின என்பதை ஆண்டுதோறும் ஊரறியப் படிக்கவேண்டும். ஒரு பெரியவரின் தயவில் மட்டும் நடக்கும் கழகம் அவருடைய மனம் மாறினால் நின்றுவிடும். நூறு வீடுகளிலிருந்து நூறு ரூபாய் வருவது, ஒரு வீட்டிலிருந்து பதினாயிரம் வருவதைக்காட்டிலும் உறுதியானது. தொகை ஒன்றே, வேர்கள் நூறு.

மூன்றாவது நிலம். சென்னை சிட்டிக்குச் சொந்த அரங்கம் இல்லை என்பதை மேலே கண்டோம். நம் ஊர்களில் பள்ளி மைதானமும் கடற்கரைத் திடலுமே ஆடுகளங்கள். கட்டடம் எழுப்பும் ஆர்வத்தில் அவற்றை இழந்துவிட்டால் எத்தனைக் கோப்பை வென்றும் பயனில்லை.

நான்காவது மாற்றுவழி. முற்காலத்தில் இந்தியன் வங்கி, இரயில்வே போன்றவற்றின் அணிகளில் ஆடியவர்களுக்கு ஆட்டம் ஓய்ந்தபின்னும் வேலை இருந்தது. இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அப்பாதுகாப்பு இல்லை. முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் அவர் வாழ்வின் திசையையே மாற்றிவிடும். எனவே படிப்பை விட்டுவிட்டு வருமாறு சிறுவரை அழைக்கும் கழகம் நீண்டகாலத் திட்டமுடைய கழகமாகாது.

முடிவுரை

மீண்டும் நம் மாணவரிடம் வருவோம். அவரிடம் போ என்றோ போகாதே என்றோ நாம் கூறவில்லை. அழைத்த கழகத்திடம் மூன்று வினாக்களைக் கேட்டுவரச் சொன்னோம். உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது? சென்ற பருவத்தில் ஆடியவர்களுக்கு ஊதியம் முழுவதும் தந்தாயிற்றா? உங்களிடம் சிறுவர் அணி உண்டா? முதல் வினா வரவைப் பற்றியது. இரண்டாவது நேர்மையைப் பற்றியது. மூன்றாவது எதிர்காலத்தைப் பற்றியது. ஒரு கழகத்தை அளக்க இம்மூன்று கோல்களும் போதும்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். "முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் பதில் சொன்னார்கள் ஐயா. இரண்டாவதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்" என்றார். மேலும் ஒன்றும் கூறாமல் வகுப்பிற்குச் சென்றார். அந்த ஆண்டுத் தேர்வை எழுதினார். இப்போது மாலைதோறும் தம் ஊர்க் கழகத்தில் ஆடுகிறார். ஆடி முடித்தபின் அங்கே பயிலும் சிறுவர்களின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவருகிறார். அவ்வேட்டை ஒருமுறை நம்மிடம் கொண்டுவந்து, பெயர்களில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டார். தமிழாசிரியர் என்ற முறையில் அப்பணியை மகிழ்வோடு செய்தோம்.